குத்தாலிங்கம் அண்ணாச்சி மின்னல் பிடித்த கதை

குத்தாலிங்கம் அண்ணாச்சி புளுகாமல் இருந்து ஞானமுத்து ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறான். அன்றைக்கு அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மற்ற நாளெல்லாம் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியைச் சந்தேகப்பட்டு, கடைசியாக மிஞ்சுவதை வைத்து அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். அதுவும் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பழைய சோறு பிரியாணியாகிவிடும்.

அண்ணாச்சி டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் மனைவியோடு குடியிருந்தார். அவருக்கு ஹாம் ரேடியோக் கிறுக்கு. வீட்டுக்குள் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, உலகத்தின் எந்த மூலையிலாவது இதே கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. சும்மா விளையாட்டில்லை, பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்காக மொட்டை மாடியில் ஓர் உயரமான இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஏரியல் கட்டியிருந்தார். மருந்துக்கடை வைத்திருக்கிற ஞானமுத்துவுக்கும் அதே கிறுக்கு. அப்படிப் பழகியதுதான் இரண்டு பேரும்.

இப்போது அந்தக் கம்பத்துக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு தென்னை மரத்தில் மின்னல் இறங்கி, மரம் உச்சியிலிருந்து கருகிப்போய்விட்டது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்கார அம்மா மரகதம், நேராக மாடியை நிமிர்ந்து பார்த்தாள். தென்னையைவிடக் கம்பம் உயரம். "அண்ணாச்சி, ஐப்பசி பொறந்துட்டு. கம்பத்தை எறக்கிருங்க" என்று சொல்லிவிட்டாள்.

மரகதம் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை ஏட்டம்மா என்றுதான் கூப்பிடும். சொன்னால் சொன்னதுதான். குத்தாலிங்கம் அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். கம்பம் இல்லாவிட்டால் செட்டு வெறும் பெட்டி. விடிந்ததும் ஜப்பான்காரனுக்கு வணக்கம் சொல்லாமல், பொழுது அடைந்தபின் ஆப்பிரிக்காக்காரனிடம் மழை உண்டா என்று விசாரிக்காமல் அவரால் இருக்க முடியாது. வேறு வீடு பார்க்கலாம் என்றால், மொட்டை மாடியில் இரும்புக் கம்பம் நடுகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டுக்காரர் சாவி கொடுப்பார்? ஞானமுத்துவைப் பிடித்துக்கொண்டு, "வே, நீருதான் என்னமாவது செய்யணும்" என்று கண் கலங்கினார். புளுகு மன்னன் நிஜமாகவே கண் கலங்கியதைப் பார்க்க ஞானமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ஏட்டம்மாவிடம் போய்ப் பேசி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சமாதானப் பேச்சுக்கு ஏற்பாடு செய்தான்.

போவதற்கு முன்னால் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணாச்சி, நாம எர்த் நல்லாப் போட்டிருக்கோம். கம்பத்துல இருந்து செம்புப் பட்டை நேரா எறங்கி, பின்பக்கம் குழிக்குப் போகுது. குழியில கரியும் உப்பும் போட்டுக் கம்பி நட்டிருக்கு. அப்படியே தப்பித் தவறி மின்னல் வந்தாலும் மண்ணுக்குள்ள போயிரும். இதுவரை ஒண்ணுகூட வரலை. இதைச் சொல்லிட்டு வாயை மூடிக்கிடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"சரிவே. உள்ளதை உள்ளபடி சொல்லிருதேன்" என்றார் அண்ணாச்சி. அவர் அப்படிச் சொன்னபோதே ஞானமுத்து உஷாராகியிருக்க வேண்டும்.

ஏட்டம்மா முன்னறையில் உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தாள். எதிரே நாற்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

"ஏட்டம்மா, எர்த் நல்லாப் போட்டிருக்கு" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. ஞானமுத்து மூச்சை விட்டான். அண்ணாச்சி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏட்டம்மா, "பெறவு?" என்று கேட்டுவிட்டாள்.

இந்தப் 'பெறவு'தான் ஏட்டம்மாவின் முறை. சர்வீசில் இருந்த காலமெல்லாம் அவள் ஒரு திருடனையும் அடித்ததில்லையாம். எதிரே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, 'பெறவு?' 'பெறவு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம். அவனே எல்லாவற்றையும் கக்கிவிடுவானாம். அண்ணாச்சியைப் போன்ற ஆளுக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி.

"பெறவா? கேளுங்க. எர்த் கம்பி அடிச்சோம்லா, நானும் ஞானமுத்தும்? அடிக்க அடிக்க உள்ள போகுது. மண்ணு முடிஞ்சு பாறை வந்துச்சு, பாறை முடிஞ்சு தண்ணி வந்துச்சு, தண்ணி முடிஞ்சு வெந்நீரு வந்துச்சு. இவரு பயந்துட்டாரு. நான் விடலையே. கம்பியோட கம்பியை ஒட்டவச்சு அடிச்சேன். அன்னைக்குப் பொழுதடைஞ்சபெறவு செட்டைப் போட்டா, பெரு நாட்டுல இருந்து ஒருத்தன் கத்துதான். 'யாருய்யா அது, எங்க வீட்டுக் கொல்லையில கம்பி மொளைக்குது, நிப்பாட்டும்'னு."

"அண்ணாச்சி!" என்றான் ஞானமுத்து. அவனுக்குத் தெரிந்து அந்தக் கம்பி ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. அதற்கே அண்ணாச்சி நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார்.

"பெறவு?" என்றாள் ஏட்டம்மா.

"பெறவென்ன, தங்கமான மனுசன். துணி காயப்போடத் தோதா இருக்குன்னு விட்டுட்டான். இங்க ஒரு மின்னல் எறங்குச்சுன்னா அங்க அவன் வீட்டு ஈரத்துணி மொறுமொறுன்னு காஞ்சிரும். இப்பல்லாம் அவன் பெஞ்சாதி, தென்காசியில எப்ப இடி இடிக்கும்னு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் துணியே ஊறவைக்கா."

ஏட்டம்மா சிரிக்கவில்லை. அவள் அந்தக் கதையில் இருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். "அப்ப நம்ம வீட்டுல மின்னல் எறங்குது" என்றாள்.

ஞானமுத்து குறுக்கே விழுந்தான். "ஐயோ, இல்லை ஏட்டம்மா! அவரு சும்மா தமாசுக்குச் சொல்லுதாரு. இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒரு மின்னலும் எறங்கலை."

இதை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டிருந்தால் கதை அங்கேயே சுபம். ஆனால் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு பெரிய எர்த்தைப் போட்டுவிட்டு, அதில் ஒரு மின்னல்கூட இறங்கவில்லை என்றால் அது என்ன கௌரவம்? கல்யாண மண்டபம் கட்டி வைத்து, ஒரு கல்யாணமும் நடக்கவில்லை என்று சொல்கிற மாதிரி அல்லவா இருக்கிறது? "ஒமக்கு என்னவே தெரியும்?" என்று ஞானமுத்துவின் மேலேயே பாய்ந்தார். "மின்னல் வரும்போதெல்லாம் நீரு மருந்துக்கடையில இருமல் மருந்து வித்துக்கிட்டு இருந்தீரு. பக்கத்துல இருந்து பாத்தவன் நானு."

"அவரு பேசட்டும் தம்பி" என்றாள் ஏட்டம்மா. "உங்களைப் பெறவு விசாரிக்கேன்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "மொதல்ல வந்தது குட்டி மின்னலு. வயசு பத்தாது. மேகத்துல இருந்து குதிச்சிட்டு, எங்க போகன்னு தெரியாம கைப்பிடிச் சுவருல நின்னு முழிக்குது. நான் மாடியில நின்னு காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன். 'இங்கன பாரு, இந்தச் செம்புப் பட்டை வழியா எறங்கு. வளைவு நெளிவு கிடையாது, நேரா போயிரலாம்'னேன். கேட்டுக்கிடுச்சு. எறங்கிப் போறப்ப எங் காப்பியில ஒரு வெரலை வச்சுட்டுப் போச்சு. அந்தக் காப்பி மறுநாள் வரைக்கும் ஆறலை."

"பெறவு?"

"அது போயி மத்த மின்னல்கள்கிட்ட சொல்லிட்டு. தென்காசியில ஒரு எர்த் இருக்கு, எறங்கினா எறங்கினதே தெரியாதுன்னு. அன்னையில இருந்து கூட்டம் தாங்கலை. கேரளாவுல இடிக்கிற மின்னல்கூட செங்கோட்டை தாண்டி இங்கன வந்து எறங்குது. சொல்லப்போனா கேரளாக்காரனுக்கு எம்மேல வருத்தம்."

ஏட்டம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போவதை ஞானமுத்து பார்த்தான். மேசைக்குக் கீழே அண்ணாச்சியின் காலை மிதித்தான். அண்ணாச்சி காலை நகர்த்தி வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"வாறதுக்கு முன்னாடி உத்தரவு கேட்டுட்டுத்தான் வரும், அதைச் சொல்லணும்லா? செட்டுல கடகடன்னு ஒரு எரைச்சல் கேக்கும். மத்தவங்க அதை எரைச்சல்னு நெனைப்பாங்க. எனக்குத் தந்தி பாஷை தெரியும்லா? கூர்ந்து கேட்டா, 'அண்ணாச்சி, வரலாமா'ங்குது. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேம்னா, 'கொஞ்சம் பொறு'ன்னு திருப்பித் தட்டுவேன். பாவம், மேகத்துலயே தொங்கிக்கிட்டு நிக்கும். நாம நிமிந்து பாத்து, 'மின்னுது, ஆனா எறங்கலையே'ம்போம். எறங்காததுக்குக் காரணம் நான் மோருஞ்சோறு சாப்பிடுறது."

ஞானமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டான். அண்ணாச்சியின் மேல் அவனுக்குக் கொலைவெறி வந்தது. கூடவே ஒரு பரிதாபமும் வந்தது. அந்தக் கம்பத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன், தன் வாயாலேயே அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். ஏட்டம்மாவுக்கு வேண்டியது மின்னல் வராத வீடு. அண்ணாச்சியோ மின்னலுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்.

"பெரிசா ஏதும் வந்திருக்கா அண்ணாச்சி?" என்று ஏட்டம்மா மெதுவாகக் கேட்டாள். இவ்வளவு நேரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. 

"அப்படிக் கேளுங்க! போன மாசம், பெரட்டாசிக் கடைசியில, ஒரு மழை பேஞ்சுச்சுல்லா? அன்னைக்கு வந்தது தாய் மின்னலு. தலை பாவநாசத்துல, வாலு புளியங்குடியில. அது வந்த வெளிச்சத்துல சேவலெல்லாம் விடிஞ்சுட்டுன்னு கூவிட்டு. சின்னப் பட்டையில இது எறங்காதேன்னு நான் மாடிக்குப் போயி, அதைக் கையில பிடிச்சு ரெண்டாக் கிழிச்சேன். ஒரு பாதியைத் தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்கு அனுப்பிட்டேன். தெருவுல எவன் வீட்டுலயும் அந்த மாசம் மீட்டரு ஓடலை. மறுபாதியை நம்ம செம்புப் பட்டை வழியா விட்டேன். சளசளன்னு குழிக்குள்ள எறங்கிட்டு. மறுநாள் குழிப் பக்கத்துல தோண்டினா, சீனிக்கிழங்கு வெந்து கெடக்கு."

"கையில பிடிச்சீங்க" என்றாள் ஏட்டம்மா.

"பிடிச்சேன். கொஞ்சம் வழுவழுன்னு இருக்கும்."

"செம்புப் பட்டை வழியாத்தான் எறங்குச்சு?"

"அதுல என்ன சந்தேகம்? என் ரெண்டு கண்ணால பாத்தேன். இதுவரைக்கும் வந்த அத்தனை மின்னலும் அந்தப் பட்டை வழியாத்தான். வேற வழியில ஒரு பொறிகூடப் போனது கிடையாது. போக விட மாட்டேன்."

ஏட்டம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். "அண்ணாச்சி, பெரட்டாசி ஆரம்பத்துல வண்டி நிறுத்தப் பின்பக்கம் சிமெண்டுத் தளம் போட்டேன்லா? குறுக்க ஒரு செம்புப் பட்டை இடைஞ்சலா கெடக்குன்னு கொத்தனாரு சொன்னாரு. ஏதோ பழைய டி.வி. கம்பின்னு நெனைச்சு, வெட்டிருங்கன்னேன். வெட்டிச் சுருட்டிக் குழாயடியில மாட்டி வச்சிருக்கு. ஒரு மாசத்துக்கு மேலா அங்கதான் தொங்குது. அப்ப அந்தத் தாய் மின்னலு எப்படிப் போச்சு?"

ஞானமுத்துவுக்கு அண்ணாச்சியின் புளுகு பிடிபட்டது பெரிதாகத் தெரியவில்லை. அவனுக்குப் பகீரென்றது வேறு விஷயம். எர்த் இல்லாமல் அந்தக் கம்பம் ஒரு மாசத்துக்கு மேலாக நிற்கிறது. தினமும் எர்த்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற அண்ணாச்சியும் சரி, வாரா வாரம் வந்து அந்தப் பேச்சைக் கேட்கிற அவனும் சரி, ஒரு தடவையாவது பின்பக்கம் போய்ப் பட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் அண்ணாச்சி லேசில் விடுகிற ஆளா? முகம் ஒரு விநாடி வெளுத்து, மறுபடி நிறம் வந்தது. "அதான் பாத்தேன்" என்றார். "வந்து எறங்கி, பட்டையைத் தேடிச்சு. காணும். சரின்னு படிக்கட்டு வழியா எறங்கிப் போயிட்டு. உங்க தூக்கம் கெட்டுரக் கூடாதேன்னு அடிமேல் அடி வச்சு எறங்கி, கேட்டைத் தொறந்து, திரும்பச் சாத்திட்டுப் போச்சு. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச மின்னலு."

"கேட்டைப் பூட்டிச் சாவியை நான்தான் வச்சிருப்பேன்" என்றாள் ஏட்டம்மா.

அண்ணாச்சி அதற்கும் ஒரு பதிலோடு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேற்கே மலைப் பக்கம் ஒரு இடி உருண்டது. பெரிய இடிகூட இல்லை. குற்றாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ, யாரோ வெறும் பீப்பாயை உருட்டுகிற மாதிரி ஒரு முனகல்.

அண்ணாச்சி நாற்காலியில் இல்லை. சுக்குக் காப்பி டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, செருப்பைக்கூடப் போடாமல் அவர் படியேறி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அறுபது தாண்டிய மனுஷன் இரண்டு இரண்டு படியாகத் தாவினார்.

"என்ன தம்பி, விழுந்து கிழுந்து தொலைக்கப் போறாரு!" என்று ஏட்டம்மா பின்னாலேயே எழுந்து ஓட, ஞானமுத்துவும் ஓடினான். அவர்கள் மாடிக்குப் போவதற்குள் அண்ணாச்சி காரியத்தை முடித்திருந்தார். கம்பத்தில் இருந்து வருகிற கேபிளைச் செட்டில் இருந்து கழற்றி, நுனியை ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தார். செட்டின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். டி.வி. பிளக், மிக்சி பிளக், ஃபிரிட்ஜ் பிளக் எல்லாம் தரையில் கிடந்தன. சுவர்க் கடிகாரத்தையும் கழற்றிக் கீழே வைத்திருந்தார், அது வெறும் பேட்டரியில் ஓடுகிறது. ஆளைத்தான் காணோம்.

உள்ளறைக் கட்டிலில் ஒரு போர்வை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்து, இடிக்குப் பயந்து சின்னப் பிள்ளைகள் சொல்கிற மாதிரி, "அர்ச்சுனா... அர்ச்சுனா... அர்ச்சுனா..." என்று விடாமல் ஒரு குரல் வந்தது.

ஏட்டம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள், தரையில் கிடந்த பிளக்குகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "எப்பவுமே இப்படித்தானா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

ஞானமுத்துவுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. "ஆமா ஏட்டம்மா. வானம் கறுத்தாலே கழத்திருவாரு. ஐப்பசி கார்த்திகையில பாதி நாளு இவரு ரேடியோவுல வரவே மாட்டாரு. நாங்க எல்லாரும் இடி வந்தா கேபிளைக் கழத்துறது உண்டு, அதுதான் முறை. இவரு இடி வரும்போல இருக்கேன்னு கழத்துற ஆளு. போன மாச மழைக்கு இவரு ஊர்லயே இல்லை. மழை வருதுன்னு ரேடியோவுல சொன்னதும் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு, பெஞ்சாதியோட சேர்ந்து கோவில்பட்டிக்கு மச்சினன் வீட்டுக்குப் போயிட்டாரு. அங்க மேகம் இல்லைன்னு கேட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறினாரு."

ஏட்டம்மாவின் தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய்யைக் கேட்டவள், உண்மையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"கம்பம் இருக்கட்டும் தம்பி" என்றாள். "நாளைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தச் சிமெண்டுல ஒரு கோடு வெட்டச் சொல்லுதேன். நீங்க நின்னு பட்டையைச் சேத்து விட்டுருங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் செட்டைத் தொடக் கூடாது. மின்னலைப் பிடிக்கிற ஆளுன்னா நான் வீட்டைக் காலி பண்ணச் சொல்லணும். இப்படிப் பயப்படுற மனுசன் இருக்கிற வீட்டுக்கு ஒண்ணும் வராது."

ஞானமுத்து கட்டிலுக்குப் போய்ப் போர்வையை இழுத்தான். "அண்ணாச்சி, எந்திரிங்க. இடி போயிட்டு. கம்பம் இருக்கட்டும்னுட்டாங்க."

போர்வைக்குள் இருந்து முதலில் ஒரு கண் வந்தது. பிறகு மீசை வந்தது. அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். மேற்கே மேகம் கலைந்து மலை தெளிவாகத் தெரிந்தது. அவர் காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினார். எழுந்து வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். ஞானமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

"பாத்தீயளா ஏட்டம்மா?" என்றார் அண்ணாச்சி. "போர்வைக்குள்ள இருந்தே ஒரு அதட்டு அதட்டினேன். வந்த வழியே திரும்பிச் செங்கோட்டைக்குப் போயிட்டு."

ஏட்டம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "ஆமா அண்ணாச்சி. நீங்க உள்ள இருந்ததால பாத்திருக்க மாட்டீங்க. போறப்ப ஜன்னல்ல எட்டிப் பாத்து எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

"என்ன சொல்லிச்சு?" என்று அண்ணாச்சி ஆசையாகக் கேட்டார்.

"'ஆளைப் பாத்தா அய்யோ பாவமா இருக்கு, நான் இனிமே இந்தப் பக்கமே வரலை'ன்னுச்சு."